டீ கொடுக்கிற பயணி

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கும்மிடிப்பூண்டியில் பெயிண்ட் கலக்கும் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். யூனியன் கூட்டத்தில் ஒரு முறைகூட எழுந்து நின்றதில்லை. ஓவர்டைம் கணக்கில் தப்பு வந்தால்கூடப் பக்கத்து மெஷின்காரரிடம் சொல்லி அவரை ஆபீசுக்கு அனுப்புவேன். சர்ச்சில் சாட்சி சொல்லக் கூப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தால் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுகொள்வேன். என் மனைவிக்கு இதெல்லாம் சிரிப்பு. "கல்யாணத்தன்னிக்கு சம்மதமான்னு பாஸ்டரு கேட்டாரு. இவரு தலைய ஆட்டினாரு. இன்னும் வாய்ல இருந்து பதில் வர்ல" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள்.

அப்படிப்பட்ட என்னை ஒரு விளம்பரப் படத்தில் பேசக் கூப்பிட்டார்கள். என் மகள் வேலை பார்த்த கம்பெனி அது.

வாடகைக்குக் கார் எடுக்கிற மாதிரி வாடகைக்கு விமானம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பட்டம் வாங்கிவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே வந்து தங்கிய ஒருவர் மூலமாக இந்த வேலை கிடைத்தது. எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். முதலாளிகள், சினிமாக்காரர்கள், கல்யாண வீட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகிறவர்கள் என்று யார் யாரோ எடுப்பார்களாம். முன்னால் பைலட் இரண்டு பேர். உள்ளே இவள் ஒருத்தி. சீருடை, கழுத்தில் ஸ்கார்ஃப், மார்பில் இறக்கை போட்ட பேட்ஜ். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, ஆஃப் கிடைக்கிறபோது சென்ட்ரல் வந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்து வீட்டுக்கு வருவாள்.

முதல் தடவை சீருடையோடு அவள் படம் அனுப்பியபோது என் அப்பா ஞாபகம் வந்தது. அவர் எளாவூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். விமானம் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்காதவர். பார்த்தால் வேலை கெடும் என்பார். அவர் பேத்தி அதற்குள் நிற்கிறாள். நான் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் மட்டும் காட்டினேன். யாரும் கேட்காதபோது என் மனைவி காட்டினாள்.

சின்ன விமானம் என்றாலே ஜனங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கிறது. அதைப் போக்க அந்தக் கம்பெனி விளம்பரப் பிரிவில் ஒரு யோசனை செய்தார்கள். எங்களிடம் வேலை செய்கிறவர்களின் குடும்பமே எங்களை நம்புகிறது, நீங்களும் நம்புங்கள் என்று படம் எடுப்பது. ஒரு பைலட்டின் மனைவி, ஒரு மெக்கானிக்கின் அம்மா, அப்புறம் நான். விளம்பரப் பிரிவில் இருந்த பெண் எனக்கே போன் செய்தார். முப்பது வயது இருக்கும் குரல், ரொம்ப மரியாதை. ஒரே ஒரு வரிதான் அங்கிள், பயப்படாதீங்க என்றார். நான் முடியாது என்று சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

வரி இதுதான்: "என் மகள் இருக்கிற விமானத்துல நானும் பத்திரம், நீங்களும் பத்திரம்."

ஒரு வாரம் அதை மெஷின் பக்கத்தில் முணுமுணுத்தேன். கூட வேலை செய்கிறவர்கள் நான் ஜெபம் செய்வதாக நினைத்துக்கொண்டார்கள்.

படம் எடுக்கும் நாளில் நல்ல சட்டை போட்டேன். காலுக்கு மட்டும் ஒரு யோசனையும் செய்யாமல் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டேன். என்னிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்த ஷூ அதுதான், புதிதாகக் கொடுத்தது, பளபளவென்று இருந்தது. விமான நிலையத்துப் பின்வாசலில் சோதனை செய்யும் இடத்தில் இரும்புக் கதவுச் சட்டம் கத்தியது. பெல்ட்டைக் கழற்றினேன், கத்தியது. சில்லறையை எடுத்தேன், கத்தியது. ஷூவின் முன்பக்கத்தில் இரும்புத் தொப்பி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நைனா, இத்தப் போட்டுக்கினா வருவாங்க? பிளேன் ஏறப் போறியா, டிரம் ஏத்தப் போறியா?"

விளம்பரப் பிரிவுப் பெண்ணுக்கோ அந்த ஷூ பிடித்துப்போனது. சேஃப்டி ஷூவோடே வந்திருக்காரு, எவ்வளவு பொருத்தம் என்று கேமராக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஷூவை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்தார்கள். பிறகு விமானத்துக்குள் வெள்ளைக் கம்பளம் அழுக்காகிவிடும் என்று அதைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார்கள்.

உள்ளே நான் நினைத்ததைவிடச் சின்ன இடம். குனிந்துதான் நடக்க வேண்டும். சந்தன நிறத்தில் தோல் சீட்டுகள், மர மேஜை, அதில் ஒரு பூச்சாடி. என்னை ஒரு சீட்டில் உட்காரவைத்து முகத்தில் பவுடர் போட்டார்கள். எதிரில் என் மகளை நிறுத்தினார்கள். அவளுக்குப் பக்கத்தில், இறக்கைக்கு மேலே, ஜன்னல் மாதிரியே ஒரு அவசரக் கதவு. அதன் கைப்பிடி மேல் ஒரு மூடி, அதில் சிவப்பு எழுத்து. அவள் அந்தக் கைப்பிடிமேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான் கேமராவைப் பார்த்து வரியைச் சொல்ல வேண்டும்.

வரவில்லை. எத்தனை தடவை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. "என் மகள்" என்று ஆரம்பிப்பேன், அதோடு நின்றுவிடும். யாரும் கோபப்படவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். அங்கிள், கேமராவை மறந்துடுங்க, பொண்ணுகிட்ட சும்மா பேசிக்கிட்டிருங்க என்றார் படம் எடுத்தவர்.

சும்மா பேசு என்றதும் எனக்குள் இருந்த பழக்கம் பேசியது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களிடமும் காட்டுவதற்கு ஒன்று, செய்வதற்கு ஒன்று உண்டு. வெளிநாட்டு ஆட்கள் சோதனைக்கு வரும் நாளில் ஸ்டோரிலிருந்து புதுக் கையுறை வரும். சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் எங்களுக்கு அடுத்த காம்பவுண்டில் இருந்த கம்பெனியில் புகை வந்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடிப்போய் அவசரக் கதவைத் தள்ளினார்கள். அது இழுத்துத் திறக்கிற கதவு. அதைத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு பேர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் கதவின் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். அதிலிருந்து எங்கள் கம்பெனியில் சைரன் ஊதிப் பயிற்சி நடத்தும்போதெல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொருவரும் தன் கையால் கதவைத் திறந்து மூட வேண்டும். திறந்தால்தான் அன்றைக்கு டீ. நாங்கள் அதற்குக் கதவு பூஜை என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்வோம். கிண்டல் செய்துகொண்டே திறப்போம்.

அதனால் யாராவது ஒரு கதவின் பக்கத்தில் நின்றால் என் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். என் மகளிடம் கேட்டேன்: "இது எந்தப் பக்கமா தொறக்கும்? நீ தொறந்து பாத்துக்கினியா?"

அவள் சிரிப்பை மாற்றாமல், கேமராவுக்குக் கேட்காத குரலில், "அப்பறம் சொல்றேன் நைனா" என்றாள்.

படம் எடுத்தவர் கைதட்டினார். முகம் இயல்பாக வந்துவிட்டது, போதும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். விளம்பரப் பிரிவுப் பெண் எனக்கு ஒரு பெட்டியில் சாக்லேட் கொடுத்தார். நான் வரியைச் சொல்லவே இல்லையே என்று எனக்குக் குழப்பம். சொல்லிக் கேட்கவும் கூச்சம். ஷூவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மகளுக்கு அன்றைக்கு ஆஃப் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினோம். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. எண்ணூர் தாண்டிக் கூட்டம் குறைந்த பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"நான் தொறந்ததில்ல நைனா."

"எத்த?"

"அந்தக் கதவ. நீ கேட்டியே. நான் தொறந்ததில்ல. என்கூட இருக்கற பொண்ணுங்களும் தொறந்ததில்ல."

ட்ரெயினிங் கொடுத்தார்களே என்றேன். வேலைக்குச் சேர்ந்ததும் வாரக்கணக்கில் ட்ரெயினிங் என்று சொல்லிப் பத்து நிமிடம்கூட அவள் போனில் பேசாமல் இருந்திருக்கிறாள். எங்கள் கம்பெனி ட்ரெயினிங் மாதிரி எதையோ நான் மனதில் வைத்திருந்தேன். அவள் சொல்லச் சொல்லத்தான் அது என்னவென்று தெரிந்தது. கண்ணாடிக் கிளாஸைச் சத்தம் வராமல் வைப்பது. விமானம் குலுங்கும்போது ஜூஸ் சிந்தாமல் பிடிப்பது. வருகிறவர் போன தடவை என்ன சாப்பிட்டார் என்று நினைவு வைத்துக்கொள்வது. கண்மை எவ்வளவு தடிமன், கொண்டை எவ்வளவு உயரம். கடைசி நாளில் மத்தியானத்துக்கு மேல் போனில் ஒரு படம் காட்டினார்களாம். அதில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண், வேறு ஏதோ ஒரு விமானத்தில், கதவைத் திறந்து வெளியே தள்ளுகிறாள். அவ்வளவுதான்.

"அப்போ தீப் பத்திக்கினா யாரு தொறப்பா?"

"பைலட்டுங்க தொறப்பாங்க. பிளேன்ல ஒண்ணும் குறை இல்ல நைனா, அத்த நல்லா பாத்துக்கறாங்க. பைலட்டுங்களும் கெட்டிக்காரங்க. சின்ன பிளேனுக்கு விதிப்படி என்ன மாதிரி ஆளே தேவையில்ல. அதனால நான் கணக்குலயே இல்ல. பயணிங்க மாதிரிதான் நானும். டீ குடுக்கற பயணி."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மார்பில் இறக்கை குத்திய பேட்ஜ், கதவின்மேல் வைத்த கை, கம்பெனி பளபளப்பான தாளில் அச்சடித்திருந்த விளம்பரப் புத்தகத்தில் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற பணியாளர் என்று போட்டிருந்த இவள் படம், எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. இவ்வளவு நாளும் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். காட்டுவதற்கு ஒன்று, செய்வதற்கு ஒன்று என்பதெல்லாம் எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான். லட்ச லட்சமாகக் கொடுத்துப் பறக்கிறவர்களுக்கு எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கும் என்று. அந்த நம்பிக்கையில்தான் மகளை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பொன்னேரியில் வண்டி நின்றபோது இறங்க வேண்டியவர்கள் என் காலை மிதித்துக்கொண்டு போனார்கள். இரும்புத் தொப்பியால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. மகள் சொல்ல வேண்டாம் என்றாள். அம்மா பேஜாரு பண்ணும் என்றாள்.

கொஞ்ச நாளில் படம் வந்தது. என் மனைவிதான் முதலில் பார்த்தாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மெல்லிய இசை. மேகம். ஒரு பைலட்டின் மனைவி பேசுகிறார். அப்புறம் என் ஷூ. அப்புறம் என் முகம். நான் என் மகளைப் பார்க்கிறேன், என் வாய் அசைகிறது, நல்ல கனமான, ரேடியோவில் வருவதுபோன்ற ஒரு ஆண் குரல் சொல்கிறது: "என் மகள் இருக்கிற விமானத்துல நானும் பத்திரம், நீங்களும் பத்திரம்." என் மகள் கதவின்மேல் கை வைத்துச் சிரிக்கிறாள்.

என் வாய் அந்த இடத்தில் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். நீ தொறந்து பாத்துக்கினியா என்று அது கேட்டது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தால் எனக்கு அந்தக் கேள்விதான் தெரிந்தது. காதில் விழுந்தது வேறு.

"இது யாரு கொரலு?" என்றாள் மனைவி. "உன் கொரல விட நல்லா கீது. இவர கட்டிக்கினு இருந்தா ஊட்ல ஏதாவது பேச்சு கேட்டிருக்கும்."

நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை; எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம். பிறகு மெதுவாக, "நீ இன்னா கேட்ட, அவங்க இன்னா போட்டுக்கிறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவர் இத்தனை வருடம் சாட்சி சொல்லாமல் ஒளிந்திருக்கிறாரே என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கம்பெனியில் இன்னும் மோசம். கேன்டீனில் நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கனமான குரலில், "என் தட்டுல சாம்பாரும் பத்திரம், சட்னியும் பத்திரம்" என்பார். அது என் குரல் இல்லை என்று ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் கதவு வரைக்கும் சொல்ல வேண்டியிருக்கும். மகளின் வேலை என்ன ஆகுமோ என்று பயம்.

அந்த நிலையில்தான் ஒரு நாள் அவள் போன் செய்தாள். குரல் சரியாக இல்லை. அன்றைக்குப் போன விமானத்தில் ஒரு வயதான அம்மா வந்திருக்கிறார். மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மற்றவர்கள் எல்லோரும் சின்ன விமானத்தில் போக, இந்த அம்மா மட்டும் வரமாட்டேன், ரயிலில்தான் வருவேன் என்று அடம் பிடித்திருக்கிறார். பேரன் அந்த விளம்பரப் படத்தைப் போட்டுக் காட்டினானாம். அவர் சீட்டில் உட்கார்ந்ததும் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"அவங்க சொல்றாங்க நைனா, உங்கப்பா சொன்னத கேட்டுதான் ஏறினேன், பெத்தவரு பொய் சொல்லமாட்டாருன்னு. இறங்கற வரைக்கும் என் கைய வுடல. நான் அந்தக் கதவுக்குப் பக்கத்துல உக்காந்துகினு அவங்கள பாத்து சிரிச்சிக்கினே இருந்தேன்."

என் முகத்தைப் பார்த்து, நான் சொல்லாத வார்த்தையை நம்பி, முன்பின் தெரியாத ஒருவர் உயிரைக் கொண்டுவந்து அந்தச் சீட்டில் வைத்திருக்கிறார். விழுந்துவிடவில்லை, தீப்பிடிக்கவில்லை, நல்லபடியாக இறங்கிப் போய்விட்டார். ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் கேன்டீனுக்குப் பின்னால், காலி டிரம் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போய், விளம்பரப் பிரிவுப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நானாக ஒரு ஆபீசுக்குப் போன் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க அங்கிள், எப்படி இருக்கீங்க? உங்க படம்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றார்.

"மேடம், அதுல நான் அத்த சொல்லல."

"தெரியும் அங்கிள். உங்களுக்குப் பேச வரல, அதான் டப்பிங் பண்ணிட்டோம். எல்லா விளம்பரத்துலயும் செய்றதுதான். உங்க மனசுல இருந்ததைத்தான் நாங்க வார்த்தையா போட்டோம்."

"என் மனசுல கேள்விதான் மேடம் இருந்துச்சு. கதவ தொறந்து பாத்தியான்னு கேட்டேன். அவ தொறந்ததில்லன்னு சொன்னா."

பிறகு அதே இனிமையோடு, விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு சோதனையிலும் நமக்குக் குறை எழுதியதில்லை என்றார். நான் குறை சொல்லவில்லை என்றேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டைப்பையில் வைத்திருந்த துணியால் போனைத் துடைத்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தேன்.

"ஒரே ஒரு தடவ அவள தொறக்க வுடுங்க மேடம். இல்லன்னா என் மூஞ்சிய அதுல இருந்து எடுத்துடுங்க."

"ரெண்டுல உங்களுக்கு எது வேணும் அங்கிள்?" கடையில் சின்னதா பெரிதா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"கதவு" என்றேன்.

பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். தேடினால் இல்லை. பைலட்டின் மனைவி இருக்கிறார், மெக்கானிக்கின் அம்மா இருக்கிறார், நான் இல்லை. என் மனைவி, போய்த் தொலையட்டும், நல்லதாப் போச்சு என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. முதலில் இதைச் செய்திருக்கிறார்கள், அடுத்து அதையும் செய்வார்கள் என்று நினைத்தேன். மகளுக்குப் போன் செய்து கேட்டபோது, "கதவப் பத்தி யாரும் பேசல நைனா" என்றாள். எத்தனையோ பேர் சேர்ந்து, செலவு செய்து, இசை போட்டு எடுத்த படத்தைத் தூக்கிப் போடுவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு பெண் ஒரு கதவை ஒரு தடவை திறந்து பார்ப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அதை நினைத்தபோதுதான் உண்மையில் நான் பயந்தேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. பைலட்டுகளில் மூத்தவரிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. அந்தக் கதவைத் திறந்தால் திரும்ப மாட்ட இன்ஜினியர் வர வேண்டும், காற்று கசியாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவரை விமானம் நிற்க வேண்டும். நின்றால் அன்றைக்கு எடுத்தவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அதனால் சர்வீஸுக்குப் போகும்போது மட்டும்தான் திறப்பார்கள். சர்வீஸ் நடப்பது வேறு ஊரில். அங்கே பைலட்டுகள் மட்டும் கொண்டுபோய் விடுவார்கள். டீ குடிக்க ஆள் இல்லாத விமானத்தில் டீ கொடுக்கிறவளுக்கு வேலை இல்லை. அடுத்த தடவை உன்னையும் கூட்டிக்கொண்டு போகக் கேட்டுப் பார்க்கிறேன் அம்மா என்றாராம். அது எப்போது என்று அவருக்கே தெரியாது. அவர் சொன்னதில் எந்த இடத்திலும் பொய் இல்லை. யாரையும் கை நீட்டித் திட்ட முடியவில்லை. கதவு மட்டும் அப்படியே மூடியிருந்தது.

அதற்கடுத்து அவள் ஆஃபில் வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில் ஆபீசிலிருந்து போன் வந்தது. அவசரமாக ஒரு குடும்பம் கோயம்புத்தூர் போகிறது, உடனே கிளம்பி வா, கார் அனுப்புகிறோம் என்றார்கள். அவள் தட்டில் இட்லியோடு எழுந்து வாசல் பக்கம் போய் நின்று பேசினாள். இங்கிலீஷில் பேசியதால் எல்லாம் எனக்குப் புரியவில்லை. வைத்துவிட்டு வந்து சொன்னாள். வருகிறேன், ஆனால் அவர்கள் ஏறுவதற்கு முன்னால் கதவைத் திறந்து காட்டுங்கள். முடியாவிட்டால், நான் டீ கொடுக்க மட்டும்தான் இருக்கிறேன், ஆபத்துக்கு என்னை நம்பாதீர்கள் என்று அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏற்றுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் அவள் அம்மா.

"நீ ரெஸ்ட் எடும்மா, வேற ஆள அனுப்பிக்கறோம்னாங்க."

"வேல போச்சா?"

"தெரியலம்மா."

என் மனைவி வழக்கம்போல ஏதாவது குத்தலாகச் சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் மகளின் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். மகள் அதைத் தொடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று யாரையோ கூப்பிட்டாள். அனுப்பப்போகிற வேற ஆள் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிப்பட்டு பக்கத்துப் பெண், சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, ஹாஸ்டலில் இவள் அறையிலேயே இருக்கிறவள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. காரில் போய்க்கொண்டிருந்தாள். அக்கா, ஒரு கண்ணுக்குத்தான் மை போட்டிருக்கேன், இறங்கறதுக்குள்ள இன்னொன்னுக்குப் போடணும், அப்பறம் பேசறேன் என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

என் மகள் போனைக் கீழே வைத்தாள். "கிளாஸ எப்படிப் புடிக்கணும்னு அவளுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன் நைனா" என்றாள்.

விமானம் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்று அவள் போனில் இருக்கிறது. அதில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் மேற்கே நகர்ந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டி.வி.யைப் போடவில்லை. என் மனைவி வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தாள். அது இறங்கிய பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது: வந்துட்டோம் அக்கா. கதவைப் பற்றி யாரிடமாவது கேட்டாயா என்று என் மகள் எழுதினாள். பதிலுக்கு ஒரு சிரிக்கிற பொம்மை வந்தது.

சாயங்காலம் அது திரும்பி வர வேண்டும். நாளைக்கும் போக வேண்டும்.

நான் மகளிடம், "அந்தப் பொண்ணோட நைனா நம்பர் உன்கிட்ட கீதா?" என்று கேட்டேன். அறையில் இருப்பவர்கள் ஒருவர் வீட்டு நம்பரை ஒருவர் வைத்திருப்பார்களாம். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். பிறகு அழுத்தினேன்.

ரொம்ப நேரம் மணி அடித்தது. ஒருவர் எடுத்தார். பின்னால் தறி ஓடும் சத்தம். யாரு என்று கேட்டார். என் மகள் பேரைச் சொல்லி, அவ அப்பா என்றேன். தெலுங்கு கலந்த தமிழில் சந்தோஷமாகப் பேசினார். எங்கள் பெண்ணை உங்கள் பெண்தான் பார்த்துக்கொள்கிறது, தெரு முழுக்கச் சொல்லிவிட்டோம், அவள் சீருடைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம் என்றார். அவரைப் பேசவிட்டேன். அவர் மூச்சு விட நிறுத்தியபோது நான் ஆரம்பித்தேன். எதிலிருந்து ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. திக்கித் திக்கித்தான் சொன்னேன். கதவைச் சொன்னேன், போனில் காட்டிய படத்தைச் சொன்னேன், கணக்கில் இல்லை என்பதைச் சொன்னேன். அவர் நடுவில் யாரிடமோ தறியை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றது.

"இப்போ நான் ஏமி செய்யணும்ணா?" என்று கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

எனக்கும் தெரியாது என்றேன். "அவ போன் பண்ணா, சாப்ட்டியான்னு கேக்கறதுக்கு முன்ன, அந்தக் கதவ தொறந்து பாத்தியான்னு கேளுங்க. தெனமும் கேளுங்க."

சரி என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.